பீர் பில்லிங்கில் பறந்துவிட்டு வந்தேன்: 44 வயதில் தனியாகப் பறக்கக் கற்கலாமா?

கொளத்தூர்க்காரன் | நவம்பர் 3

வணக்கம். போன மாதக் கடைசியில் குடும்பத்தோடு இமாச்சலப் பிரதேசத்தின் பீர் கிராமத்துக்குப் போய், துணி இறக்கையில் பறக்கும் பாராகிளைடிங் செய்தேன். பறக்கக் கிளம்பும் இடம் பில்லிங், இறங்கும் இடம் பீர். இடையே பதினான்கு கிலோமீட்டர் மலைப்பாதை. பில்லிங் ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரம், கீழே இறங்கும் வெளி அதைவிடச் சுமார் ஆயிரம் மீட்டர் தாழ்வு. அந்த ஜீப் பயணத்திலேயே பாதி உயிர் போய்விட்டது, அது வேறு கதை.

மேலே ஒரு புல்சரிவு. வண்ண வண்ணத் துணிகளை விரித்து வைத்துக்கொண்டு ஒரு கூட்டமே காத்திருந்தது. நான் முன்னால், ஓட்டுபவர் பின்னால். இருவரையும் ஒரே இறக்கையில் கோத்தார்கள். “ஓடு, நிற்காதே, உட்காராதே” என்பதுதான் எனக்குக் கிடைத்த மொத்தப் பயிற்சி. நான்கு அடி ஓடினேன். ஐந்தாவது அடிக்குத் தரை இல்லை.

முதல் பத்து நிமிடத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. இயந்திரச் சத்தம் கிடையாது. தலைக்கு மேல் நூல்களில் காற்று உரசும் மெல்லிய ஓசை மட்டும். முதுகுக்குப் பின்னால் தௌலாதார் பனிமலை, காலுக்குக் கீழே தேவதாரு மர உச்சிகள். பிறகு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அவர் ஊஞ்சல் ஆட்டத் தொடங்கினார். இடம், வலம், மறுபடி இடம். ஒவ்வொரு முறையும் இன்னும் உயரமாக. வானமும் வயலும் இடம் மாறின. காலையில் சாப்பிட்ட உருளைக்கிழங்குப் பராத்தா காங்க்ரா பள்ளத்தாக்குக்கே போய்ச் சேர்ந்தது. இறங்கியதும் காணொளிக்குத் தனியாக ஐந்நூறு ரூபாய் கேட்டார். வாந்தி எடுப்பது அதில் மிகத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

இரண்டு கேள்விகள். அந்த ஊஞ்சலாட்டம் வழக்கமானதுதானா? இவ்வளவுக்குப் பிறகும் நானே ஓட்டக் கற்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. வயது 44, எடை 86 கிலோ, வங்கி வேலை, இடது முழங்காலில் லேசான வலி. முடியுமா? மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை.

குடந்தைக் குறும்பன் | நவம்பர் 3

கீழே வயலில் நின்றவர்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லையே!

பாறு | நவம்பர் 4

பதினொரு ஆண்டுகளாகப் பறக்கிறேன். முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: அதற்கு விங்ஓவர் என்று பெயர். இறக்கையை ஒருபக்கம் திருப்பி, அந்த வேகத்திலேயே மறுபக்கம் திருப்பி, ஆட்டத்தைப் பெருக்கிக்கொண்டே போவது. தெரிந்தவர் செய்தால் ஆபத்து குறைவு. ஆனால் பயணியிடம் கேட்காமல் செய்வது மரியாதைக் குறைவு மட்டுமல்ல, தவறு. ஆட்டத்தின் தாளம் பிசகினால் ஒருபக்க நூல்கள் தளர்ந்து இறக்கை மடங்கும். இரண்டு உயிரைச் சுமந்துகொண்டு அதைச் செய்ய எந்த அவசியமும் இல்லை. அடுத்த முறை ஏறுமுன்னே “ஆட்டம் வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இருவர் பறக்கும் பயணத்தில் நீங்கள் வெறும் சாமான். தனியாகப் பறப்பதற்கும் அதற்கும் உள்ள தூரம், பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து வருவதற்கும் பேருந்தை ஓட்டுவதற்கும் உள்ள தூரம். பயிற்சிக்குப் போனால் முதல் இரண்டு மூன்று நாள் பறக்கவே மாட்டீர்கள். சமதரையில் துணியோடு மல்லுக்கட்டுவீர்கள்.

எப்படி என்றால், காற்றுக்கு முதுகைக் காட்டி இறக்கையைப் பார்த்தபடி நிற்கிறீர்கள். முன்விளிம்போடு கட்டிய நூல்வரிசைக்கு ஏ வரிசை என்று பெயர். அதன் வாரை மெல்ல உயர்த்தினால் துணி உயிர் வந்ததுபோல் எழுகிறது. தலைக்கு மேல் வந்ததும், பின்விளிம்பைக் கீழே இழுக்கும் பிரேக் நூலை ஒரு சிட்டிகை இழுத்து நிறுத்த வேண்டும். இழுக்கத் தவறினால் உங்களைத் தாண்டி முன்னால் போய்க் கவிழும், அதிகம் இழுத்தால் பின்னால் சரிந்து உங்களையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தச் சிட்டிகை கைக்குப் பழகத்தான் மூன்று நாள். முழங்கால் வலியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இறங்கும்போது ஓடித்தான் நிற்க வேண்டும். 44 ஒரு வயதே இல்லை.

சென்னிமலை | நவம்பர் 4

இயந்திரம் இல்லை, சட்டகம் இல்லை, கதவு இல்லை. ஒரு பொட்டலத் துணி. அதை நம்பி மலையிலிருந்து குதிப்பதற்குக் காசு கொடுக்கிறோம், அதற்கு விளையாட்டு என்று பெயரும் வைக்கிறோம். கொளத்தூர் ஐயா, வீட்டில் அம்மா சொல்வதைக் கேளுங்கள். காற்று நின்றுபோனால் என்ன செய்வீர்கள்?

பாறு | நவம்பர் 4

காற்று நின்றுபோனால் நிம்மதியாகக் கீழே இறங்குவோம். இது பட்டம் அல்ல. பட்டத்துக்குக் காற்று வேண்டும். பாராகிளைடர் தன் எடையால் சரிந்துகொண்டே முன்னேறித் தனக்கான காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. முன்விளிம்பில் வரிசையாகத் திறப்புகள் இருக்கின்றன. அவற்றின் வழியே காற்று புகுந்து, மேல்துணிக்கும் கீழ்த்துணிக்கும் நடுவே உள்ள அறைகளை உப்பவைக்கிறது. அந்த அழுத்தம்தான் சட்டகம். அசையாத காற்றில் பயிற்சி இறக்கை ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எட்டு மீட்டர் முன்னே போகும். ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து எட்டு கிலோமீட்டர். நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான இறக்கம், ஆகவே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

பயப்பட வேண்டியது நிற்கும் காற்றுக்கு அல்ல, மிகுந்த காற்றுக்கு. பயிற்சி இறக்கையின் இயல்பு வேகம் மணிக்கு 36 முதல் 38 கிலோமீட்டர். எதிர்க்காற்றும் அதே வேகத்தில் அடித்தால் நீங்கள் அந்தரத்தில் நிற்பீர்கள். இன்னும் ஐந்து கூடினால் பின்னோக்கிப் போவீர்கள், மலைக்குப் பின்பக்கத்துக்கு. காவிரியில் வெள்ளம் வரும்போது பாறைக்குப் பின்னால் சுழி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். மலைக்குப் பின்னால் காற்றும் அதே மாதிரி சுழிக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அங்கே மாட்டிய இறக்கை மடங்கும்.

சென்னிமலை | நவம்பர் 4

சமாதானம் சொல்கிறீர்களா, மேலும் பயமுறுத்துகிறீர்களா?

தையல்நாயகி | நவம்பர் 5

எனக்கு வயது 51. மூன்றாண்டுகளுக்கு முன் மகாராஷ்டிரத்தின் காம்ஷேத்தில் கற்றேன். புனே – லோனாவாலா உள்ளூர் ரயில் நிற்கும் சின்ன ஊர். டவர் ஹில், ஷிண்டேவாடி என்று கற்பவர்களுக்குத் தோதான குன்றுகள் இருக்கின்றன. கொளத்தூர்க்காரரே, உங்களால் முடியும். ஆனால் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பள்ளியின் பெயர் வேண்டாம்.

ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ. குன்றின் மேல் ஹார்னஸை, அதாவது உடலை இறக்கையோடு பிணைக்கும் வார்க்கட்டை, மாட்டிக்கொண்டு காற்றுக்காகக் காத்திருந்தோம். காற்று வரவில்லை. ஒரு மணி நேரம் போனது. எனக்குச் சிறுநீர் கழிக்க வேண்டியிருந்தது. மார்பு வாரையும் இரண்டு கால் வார்களையும் அவிழ்த்து ஹார்னஸைப் புல்லில் போட்டுவிட்டுப் புதருக்குப் பின்னால் போய்வந்தேன். திரும்பி வரும்போது “காற்று வந்துவிட்டது, சீக்கிரம்” என்று குரல். ஓடிவந்தேன். தோளில் ஏற்றினேன், மார்பு வாரைப் பூட்டினேன், நூல்களைக் கையில் எடுத்தேன். ஆசிரியர் கீழே இறங்கும் இடத்தில் வாக்கிடாக்கியோடு நின்றார். மேலே இருந்த உதவியாளர் வேறொருவரின் நூல் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தார்.

என்னோடு கற்ற பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் தரையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். உட்கார்ந்திருந்ததால்தான் அவன் கண்ணில் பட்டது. “அக்கா, கால்!” என்று கத்தினான். குனிந்து பார்த்தேன். இரண்டு கால் வார்களும் தொடைக்குப் பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. இறக்கையைத் தூக்கியிருந்தால் பறந்திருப்பேன். ஓடும்வரை ஒரு வித்தியாசமும் தெரியாது. தரை விட்டதும் உடல் ஹார்னஸிலிருந்து கீழே நழுவும், அக்குளில் தொங்குவீர்கள். எவ்வளவு நேரம் தொங்க முடியும்?

அன்றைக்கு நான் பறக்கவில்லை. இரண்டு நாள் பேசவும் பிடிக்கவில்லை. பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: எதற்காக அவிழ்த்தாலும், கழற்றிய பின் திரும்ப மாட்டும்போது கால், கால், மார்பு, ஹெல்மெட் என்று சத்தமாகச் சொல்லிக் கையால் தொட்டுப் பார்க்கிறேன். புதிய ஹார்னஸ்கள் பலவற்றில் கால் வாரைச் சேர்க்காமல் மார்பு வாரைப் பூட்டவே முடியாதபடி அமைத்திருக்கிறார்கள். பயிற்சிக்குச் சேரும் முன் அந்த வகை தருவார்களா என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

கொளத்தூர்க்காரன் | நவம்பர் 5

தையல்நாயகி அம்மா, இதைப் படித்ததும் உள்ளங்கை வியர்த்துவிட்டது. என் பயணத்தில் என் கால் வாரைப் பூட்டியது யார், பார்த்தது யார் என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவே இல்லை.

குடந்தைக் குறும்பன் | நவம்பர் 5

வேறு விஷயம். இதற்குத் தமிழில் என்ன சொல்வது? வான்குடைச் சறுக்கல் என்று ஒரு பத்திரிகையில் பார்த்தேன்.

புதுவை மேகம் | நவம்பர் 6

வான்குடை என்றால் பாராசூட். இரண்டும் உறவுக்காரர்கள்தான், ஆனால் தொழில் வேறு. குடை விழுவதை மெதுவாக்குகிறது, இது பறக்கிறது. அறைகள் வைத்து உப்பும் துணி இறக்கையை 1960களில் டொமினா ஜால்பெர் வடிவமைத்தார். அதே காலத்தில் டேவிட் பாரிஷ் என்ற அமெரிக்கர் தாமே செய்த ஒரு துணி இறக்கையோடு பனிச்சறுக்கு மலைகளின் சரிவுகளில் ஓடிப் பறந்து காட்டினார். அப்போது அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1978-இல் பிரான்சின் மியூசி என்ற ஆல்ப்ஸ் கிராமத்தில் பாராசூட் குதிப்பவர்களான மூன்று நண்பர்கள், ஜான் குளோட் பெத்தாம், ஆந்த்ரே போன், ஜெரார் போசோன், விமானத்துக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்த மலைச்சரிவிலிருந்து ஓடிக் கிளம்பிப் பார்த்தார்கள். விளையாட்டு அங்கிருந்து பரவியது. கஞ்சத்தனத்தால் உருப்பட்ட விளையாட்டு இது ஒன்றுதான் என்பது என் கருத்து.

பெயர் பற்றி: பாராகிளைடிங் என்றே எழுதலாம். பஸ் ஓடவில்லையா?

இருகூர் இளங்கோ | நவம்பர் 6

பொருள் வாங்குவது பற்றி ஒரு புலம்பல். பயிற்சி முடிந்த சூட்டில் இணையத்தில் ஒரு பழைய இறக்கையை மலிவாக வாங்கினேன். விற்றவர் “வேகமான இறக்கை, நன்றாக ஏறும்” என்றார். ஐரோப்பியச் சான்றில் ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பு. ஏ என்றால் மடங்கினாலும் தானே விரிந்துகொள்ளும். டி என்றால் ஓட்டுபவர் கைவேலை தெரிந்தவராக இருக்க வேண்டும். நான் வாங்கியது டி. அதுவும் எனக்குத் தெரியாது, ஆசிரியர் விரித்துப் பார்த்ததும் சிரித்தார். பிறகு துணியின் மேல் வாயை வைத்து ஊதினார், காற்று மறுபக்கம் வந்தது. வெயில் தின்ற துணி. இப்போது அது எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மிளகாய் காயவைக்கப் பயன்படுகிறது.

பாறு | நவம்பர் 6

இளங்கோ, மிளகாய்க்கு அது நல்ல முடிவு. கொளத்தூர்க்காரரே, முதல் வருடம் ஒன்றும் வாங்காதீர்கள், பள்ளியின் உபகரணம் போதும். பிறகு வாங்கும்போது உங்கள் 86 கிலோவை மட்டும் கணக்கில் எடுக்கக்கூடாது. இறக்கை, ஹார்னஸ், அவசரத்துக்கான ரிசர்வ் பாராசூட், ஹெல்மெட், தண்ணீர் எல்லாம் சேர்ந்து நூறைத் தாண்டும். ஒவ்வொரு இறக்கைக்கும் எடை வரம்பு உண்டு, அதற்குள் இருக்க வேண்டும். ரிசர்வை வாங்கி அப்படியே பல வருடம் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மடித்தே கிடந்தால் துணி ஒட்டிக்கொள்ளும், வேண்டிய நேரத்தில் விரியத் தாமதிக்கும். காலாகாலத்தில் பிரித்து மறுபடி மடிக்க வேண்டும்.

சென்னிமலை | நவம்பர் 7

இன்னொரு கேள்வி, இது கிண்டல் இல்லை. கழுகு மேலே போவதுபோல் நீங்களும் மேலே போகிறீர்களாமே. மேகம் வரை போனால்?

பாறு | நவம்பர் 7

நல்ல கேள்வி. வெயில் பட்ட பாறை, உழுத வயல், ஓட்டுக்கூரை இவற்றின் மேல் காற்று சூடேறி ஒரு தூண்போல எழும். நாங்கள் தெர்மல் என்போம். அதற்குள் புகுந்து வட்டமடித்தால் ஏறலாம். பில்லிங்கில் இமயப் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், சுற்றிக்கொண்டிருக்கும். எங்கே அது சிறகை அசைக்காமல் ஏறுகிறதோ அங்கே போவோம். என் பெயர் அதிலிருந்து வந்ததுதான். தெர்மலின் தலையில் பஞ்சுமேகம் கட்டும். சின்ன மேகம் என்றால் நல்ல அடையாளம். அது கோபுரம்போல் வளரத் தொடங்கினால் உடனே தரையில் இருக்க வேண்டும். ஏனென்றால் பெரிய மேகம் உறிஞ்சும். பாராகிளைடரின் இறங்கும் வேகத்தைவிட மேகம் இழுக்கும் வேகம் பல மடங்கு.

2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில், உலகப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஜெர்மன் அணியின் ஏவா விஸ்னியர்ஸ்கா இடிமேகத்தில் இழுக்கப்பட்டார். 9,946 மீட்டர். எவரெஸ்டைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். ஆக்சிஜன் இல்லாமல் மயங்கிவிட்டார், உடம்பெல்லாம் பனிக்கட்டி. நினைவில்லாத நேரம் முழுவதும் இறக்கை தானாகவே பறந்திருக்கிறது. கீழே வந்தபோது விழித்துக்கொண்டு, கிளம்பிய இடத்திலிருந்து ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் தள்ளி இறங்கினார். உயிர் பிழைத்தார். அதே மேகத்தில் மாட்டிய சீன வீரர் ஒருவர் பிழைக்கவில்லை. இருவருமே கைதேர்ந்தவர்கள். மேகத்தின் ஓரமாகச் சுற்றிப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டதுதான் பிசகு.

சென்னிமலை | நவம்பர் 7

நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. நான் தரையிலேயே இருந்துகொள்கிறேன். ஆனால் இழையைத் தொடர்ந்து படிப்பேன்.

கொளத்தூர்க்காரன் | நவம்பர் 8

மனைவிக்கு இந்த இழையை முழுவதும் படித்துக் காட்டினேன். கால் வார் கதையில் முகம் மாறியது. ஆனால் “மாட்டியதும் தொட்டுப் பார்க்கிறேன் என்று அந்த அம்மா சொல்கிறாரே, உங்களுக்குக் கேஸ் மூடினோமா என்பதே நினைவிருக்காது” என்றாள். பதில் இல்லை. எந்த மாதம் போகலாம், பீரா காம்ஷேத்தா?

தையல்நாயகி | நவம்பர் 8

கற்க காம்ஷேத். அக்டோபர் முதல் மே வரை. குன்றுகள் சின்னவை, காற்று குன்றில் மோதி மேலெழும், அதில் முன்னும் பின்னும் நடைபோடலாம். பீரில் மார்ச் முதல் மே வரையும், அக்டோபர், நவம்பரும். அங்கே வசந்தகாலத் தெர்மல்கள் முரட்டுத்தனமானவை, புதியவர்களைத் தூக்கிப்போடும். ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காகப் பறக்கவே தடை. 2015-இல் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இடம் அது. பில்லிங்கிலிருந்து மலையோரமாகவே தர்மசாலா வரை போய்த் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதெல்லாம் பிறகு.

இன்னொன்று. ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து விலக்குகள் பகுதியைப் படியுங்கள். வங்கிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கொளத்தூர்க்காரன் | நவம்பர் 8

படித்தேன். ஆபத்தான விளையாட்டு என்ற வரி இருக்கிறது. இருபது வருடமாக அதே வரியை மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறேன்.

கொளத்தூர்க்காரன் | ஜனவரி 19

காம்ஷேத்திலிருந்து எழுதுகிறேன். ஐந்தாவது நாள்.

முதல் நாள் இறக்கை என்னை இருபது அடி இழுத்துச் சென்றது. பேன்ட் முழங்காலில் கிழிந்தது, நல்லவேளை வலது முழங்கால். இரண்டாவது நாள் அது எழுந்தது, ஆனால் நான் எங்கே பார்க்கிறேனோ அதற்கு எதிர்ப்பக்கம் விழுந்தது. மூன்றாவது நாள் மதியம் பாறு அண்ணன் சொன்ன அந்தச் சிட்டிகை கைக்கு வந்தது. தலைக்கு மேல் இறக்கை நிற்க நானும் அசையாமல் நின்றேன், அரை நிமிடம் இருக்கும். பக்கத்தில் எருமை மேய்த்துக்கொண்டிருந்தவர் கைதட்டினார். நான்காவது நாள் ஐந்து மணிக்கு எழுப்பிக் குன்றேற்றினார்கள்; ஆசிரியர் ஒரு பிடி காய்ந்த புல்லை மேலே எறிந்து பார்த்துவிட்டு, “இறங்குங்கள், இன்று இல்லை” என்றார். பதினைந்து கிலோவுக்கு மேல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அப்படியே இறங்கினோம். சென்னையிலிருந்து விடுப்பு எடுத்து வந்தவனுக்கு எப்படி இருக்கும்!

இன்று காலை முதல் பறப்பு. கால், கால், மார்பு, ஹெல்மெட். சத்தமாகத் தமிழில் சொன்னேன், உதவியாளர் சிரித்தார். ஓடினேன். வாக்கிடாக்கியில் “இடம், லேசாக இடம், விடு, விடு” என்று ஆசிரியர் குரல். மொத்தம் ஒரு நிமிடம்கூட இருக்காது. பீரில் இருபது நிமிடம் பறந்தேனே, அதில் பார்த்ததெல்லாம் நினைவிருக்கிறது. இன்று என் இரண்டு கைகளைத் தவிர எதையும் பார்க்கவில்லை. இறங்கும்போது பிரேக்கை முன்கூட்டியே இழுத்துவிட்டேன், நான் புல்லிலும் இறக்கை முட்புதரிலும் இறங்கினோம்.

இப்போது கேள்வி. இறக்கை முழுவதும் முள். எப்படி எடுப்பது? ஆசிரியர் அடுத்த மாணவரோடு மேலே போய்விட்டார், “மெதுவாக எடு” என்று மட்டும் சொன்னார்.

பாறு | ஜனவரி 19

வாழ்த்துகள். துணியை இழுக்காதீர்கள். நூலை இழுக்கவே கூடாது. முதலில் கிளையை வெட்டிப் புதரிலிருந்து பிரித்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு முள்ளையும் அது குத்திய திசையிலேயே பின்னோக்கி வாங்குங்கள். நகத்தளவு கிழிசல் என்றால் அதற்கென்றே உள்ள ஒட்டுத்துணி பள்ளியில் இருக்கும். மூலைகளை வட்டமாக வெட்டி உள்ளும் புறமும் ஒட்டினால் போதும், மூலை கூராக இருந்தால் உரிந்துவிடும். தையலோரம் கிழிந்திருந்தால் நீங்கள் கைவைக்க வேண்டாம்.

தையல்நாயகி | ஜனவரி 19

சட்டைப்பையில் சின்னக் கத்தரிக்கோல் வைத்துக்கொள்ளுங்கள். நகவெட்டியும் ஆகும். மிக மகிழ்ச்சி!

சென்னிமலை | ஜனவரி 19

எருமை மேய்த்தவர் கைதட்டியது எனக்குப் பிடித்திருந்தது. உங்கள் மனைவி என்ன சொன்னார்?

கொளத்தூர்க்காரன் | ஜனவரி 19

காணொளி அனுப்பினேன். “வாந்தி எடுக்கவில்லையா?” என்று கேட்டாள்.

முள் மொத்தம் பதினேழு. துணியில் இரண்டு சின்னத் துளைகள், ஒட்டுத்துணி கேட்டு வாங்க வேண்டும். வலது ஓரத்தில் ஒரு நூலின் மேலுறை அரை விரல் நீளத்துக்கு உரிந்து, உள்ளே வெள்ளை இழை தெரிகிறது. இழை அறவில்லை. நாளைக் காலை பறக்கலாமா?

பாறு | ஜனவரி 19

அந்த இறக்கையில் கூடாது. உரிந்த இடத்தில் ஒரு வண்ண நூலைக் கட்டி அடையாளம் வைத்து, இன்று இரவே ஆசிரியரிடம் காட்டுங்கள். நூலை மாற்றிய பிறகுதான் அதைத் தொட வேண்டும். வேறு இறக்கை இல்லை என்றால் நாளைக்கும் மலையிலிருந்து இறங்கிவிடுங்கள்.